மாத்தாங் அலையாத்திக் காடு: நூறாண்டுப் பாடம்



பேராக் மாநிலத்தின் கோலா செபெத்தாங், முன்பு போர்ட் வெல்ட் என வழங்கப்பட்டது. 1885ஆம் ஆண்டில் தைப்பிங்கிலிருந்து இவ்வூருக்குத்தான் மலாயாவின் முதல் இரயில் பாதை அமைந்தது. இன்று அப்பாதை இல்லை. ஊர்ப்பெயரைத் தமிழிலும் தாங்கிய நிலையப் பலகை மட்டும் நிற்கிறது.

அக்காலத்தில் விறகே முதன்மையான எரிபொருள். விறகுக்காக அருகிலிருந்த மாத்தாங் கண்டல் மரங்கள் வெட்டப்பட்டன. காடு அழியாதிருக்க அரசு அதனை ஒதுக்குக் காடாக்கி, 1904இல் முதல் மேலாண்மைத் திட்டத்தை வகுத்தது.

இன்று ஏறத்தாழ 40,000 ஹெக்டர் பரப்பில் அக்காடு நிலைத்துள்ளது. மரங்கள் 30 ஆண்டுகள் வளர்ந்த பின்னரே கரிச் சூளைகளுக்காக வெட்டப்படுகின்றன. கண்டல் விதை தாய்மரத்திலேயே முளைவிட்டுப் பின்னர் சேற்றில் விழுந்து வேரூன்றும். அவ்வாறு முளைக்காத இடங்களில் கன்றுகள் நடப்படுகின்றன. வேர்களின் இடையே இறாலும் மீனும் வளர்கின்றன. மீனவர் வாழ்வும் அதனால் தழைக்கிறது.

இன்று கன்று நடும் தொழிலாளி, அம்மரம் வெட்டப்படும் நாளில் பணியில் இருப்பாரா என்பது ஐயமே. ஆயினும் நடுகிறார். ஆசிரியப் பணியும் அத்தகையதன்றோ? மாணவர்களை ஒருமுறை அங்கே அழைத்துச் செல்லுங்கள்.