நாள்பட்ட மலச்சிக்கல்: மாத்திரையைச் சோதிப்பது எப்படி?

வாரத்திற்கு மூன்று முறைக்கும் குறைவாக மலம் கழிப்பது, முக்க வேண்டியிருப்பது, வயிறு காலியாகாத உணர்வு ஆகியவை மாதக்கணக்கில் நீடித்தால் அது நாள்பட்ட மலச்சிக்கல்.

இதற்கான புருகலோபிரைடு மாத்திரை குடல் அசைவைத் தூண்டுகிறது. 2008இல் வெளியான அமெரிக்க ஆய்வில் 620 பேர் 12 வாரங்கள் கண்காணிக்கப்பட்டனர். ஒரு பிரிவினருக்கு 2 மில்லிகிராம், அடுத்த பிரிவினருக்கு 4 மில்லிகிராம், மூன்றாம் பிரிவினருக்கு மருந்தில்லாத போலி மாத்திரை. யாருக்கு எது என்பது நோயாளிக்கும் மருத்துவருக்கும் தெரியாது. வாரத்திற்குச் சராசரியாக மூன்று முறையாவது தானாக, முழுமையாக மலம் கழித்தவர்கள் முறையே 30.9, 28.4, 12 விழுக்காடு. மருந்தின் அளவை இரட்டிப்பாக்கியும் பலன் கூடவில்லை. தலைவலி, வயிற்றுப்போக்கு போன்ற பக்கவிளைவுகளும் பதிவாயின.

பலன் மட்டும் போதாது. இதே போன்று செயல்படும் தெகாசெரோட் மருந்தை உட்கொண்ட 11,614 பேரில் 13 பேருக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பாதிப்புகள் ஏற்பட்டன. போலி மாத்திரை எடுத்த 7,031 பேரில் ஒருவருக்கே. 2007இல் அது அமெரிக்கச் சந்தையிலிருந்து மீட்கப்பட்டது. அதனால் புருகலோபிரைடின் இதயப் பாதுகாப்பும் ஆராயப்பட்டு, 2018இல்தான் அங்கு அனுமதி கிடைத்தது.

மலத்தில் ரத்தம், காரணமில்லாத எடைக் குறைவு, திடீரெனத் தொடங்கிய மலச்சிக்கல் ஆகியவை இருந்தால் மருந்துக்கடைக்குச் செல்லும் முன் மருத்துவரைப் பார்ப்பதே நல்லது.