கிள்ளானுக்கு வந்த கண்ணாடி

2012 நவம்பரில் சுபாங் ஜெயா மருத்துவமனைக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்த ஆயிரக்கணக்கானோரில் நானும் ஒருத்தி. சைம் டார்பி மருத்துவ மையம் என்று அப்போது அதற்குப் பெயர். 7ஆவது மாடி ஜன்னல் கண்ணாடியில் மாதா தெரிகிறார் என்று ஊரெல்லாம் பேச்சு. முக்காடு போட்ட தலையும் அதிலிருந்து இறங்கும் அங்கியும் போல ஓர் உரு என் கண்ணுக்கும் தெரிந்தது. பக்கத்தில் ஜெபமாலை சொன்னார்கள், பாடினார்கள், அழுதார்கள். திருநீறு பூசிய அம்மாக்களும் கைகூப்பி நின்றார்கள். கண்ணாடி கழுவிய தண்ணீர்க் கறை என்று சொன்னவர்களும் உண்டு. பிறகு அந்தக் கண்ணாடிகளைக் கழற்றி எங்கள் கிள்ளான் லூர்து மாதா ஆலயத்துக்குக் கொண்டுவந்தார்கள்.

என்னிடம் மறைக்கல்வி படித்த பிள்ளைகள் அன்றிலிருந்து கேட்கும் கேள்வி ஒன்றுதான். "டீச்சர், அது மெய்தானா? சாமியார் ஏன் ஒன்றும் சொல்ல மாட்டேங்கிறார்?" அப்போது பேராயராக இருந்தவர் மர்ஃபி பாக்கியம். 2014இல் ஜூலியன் லியோவ் அந்தப் பொறுப்புக்கு வந்தார். இருவர் காலத்திலும் இது அற்புதம் என்ற அறிவிப்பு வரவில்லை. பிள்ளைகளுக்கு இது நழுவலாகப் பட்டது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. கண்ணாடி வந்து சேர்ந்த கோயிலின் பெயரிலேயே அதற்கான பதில் இருக்கிறது.

1928இல் கட்டிய கோயில் அது. ஜாலான் தெங்கு கிளானாவின் புடவைக் கடைகளையும் பூக்கடைகளையும் தாண்டினால் அதன் கோபுரம் தெரியும். பாரிஸ் மிஷன் குருக்கள் மலாயாவில் தமிழ் படித்துத் தமிழருக்குப் பணி செய்த காலம். லூர்து மாதா பக்தி நம்மவர்க்குப் புதிதாகவும் இல்லை. புதுச்சேரியை அடுத்த வில்லியனூரில் 1877லேயே அந்தப் பெயரில் கோயில் எழும்பியிருந்தது.

அந்த லூர்து நகரில் நடந்ததைப் பிள்ளைகளுக்கு நான் விரிவாகவே சொல்வேன். 1858 பிப்ரவரி 11 அன்று, விறகு பொறுக்கப் போன பெர்னதெத் என்ற 14 வயதுப் பெண் கெபி எனப்படும் பாறைக் குகையில் ஓர் அம்மையைக் கண்டதாகச் சொன்னாள். ஜூலைக்குள் 18 முறை. பங்குத்தந்தை பெய்ரமால் அவளை உடனே நம்பிவிடவில்லை. "பெயரைக் கேட்டு வா" என்றார். குளிர்காலத்தில் கெபியின் காட்டு ரோஜா பூக்கட்டும் என்றும் கேட்டார். ரோஜா பூக்கவில்லை. மார்ச் 25 அன்று அவள் ஒரு பெயரோடு வந்தாள்: அமல உற்பவம், அதாவது மாதா பாவமாசின்றிக் கருவானவர் என்பது. அதற்கு நான்கு ஆண்டு முன்புதான் திருத்தந்தை அதை விசுவாசக் கோட்பாடாக அறிவித்திருந்தார். சொன்ன பெண்ணுக்கோ அந்தச் சொல்லின் பொருளே விளங்கவில்லை. பெய்ரமாலை அசைத்தது அதுதான்.

ஆனாலும் ஆயர் லோரான்ஸ் அவசரப்படவில்லை. விசாரணைக் குழு அமைத்தார். குணமானதாகச் சொன்னவர்களை விசாரித்து, அந்தப் பெண்ணைத் திரும்பத் திரும்பக் கேட்டு, 1862 ஜனவரியில்தான் தீர்ப்பு எழுதினார். இதற்கிடையே தங்களுக்கும் காட்சி வருகிறதென்று அதே கெபியில் பலர் கிளம்பிவிட்டார்கள். உடல் முறுக்கல், விகாரமான முகம், ஊர்வலம் என்று கூத்தாகிவிட்டது. அவற்றில் ஒன்றையும் திருச்சபை ஏற்கவில்லை. பழைய சிறை அறையில் குடியிருந்த அளவுக்கு ஏழையான பெர்னதெத், நீட்டிய காசைத் தொட மறுத்தாள். எத்தனை முறை கேட்டாலும் கதை மாறவில்லை. பின்னாளில் நெவேர் மடத்துக்குள் போனவள், தன்னை யாரும் வேடிக்கை பார்ப்பதை விரும்பவில்லை. கெபியைவிட அவள் வாழ்க்கைதான் எனக்குப் பெரிய சாட்சி.

"பெயரைக் கேள்" என்பது தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்களுக்குப் பழகிய விஷயம். எஸ்டேட் கோயில் திருவிழாவில் ஒருவர் மேல் அருள் வந்தால் பெரியவர்கள் முதலில் கேட்பது, "வந்திருக்கிறது யாரு?" என்பதைத்தான். ஆடுவதெல்லாம் சாமி ஆகிவிடாது என்று கண்டிப்பாகச் சொல்லும் கிழவிகளை நான் பார்த்திருக்கிறேன். பவுலும் யோவானும் தங்கள் நிருபங்களில் சபைகளுக்குச் சொன்னதும் இந்த வகைதான்: ஆவியை அணைக்கவும் வேண்டாம், வந்த ஆவியையெல்லாம் நம்பவும் வேண்டாம், சோதித்துப் பாருங்கள். பெந்தெகொஸ்தே சபையில் இருக்கும் என் உறவினர்களும் தரிசனம், தீர்க்கதரிசனம் என்றால் இதே வசனங்களைத்தான் எடுக்கிறார்கள்.

கத்தோலிக்கத் திருச்சபை இந்தச் சோதனையை விதிகளாக எழுதியது 1978 பிப்ரவரியில். ஆயர்களின் கைக்கு மட்டுமென்று லத்தீனில் அனுப்பப்பட்ட அந்த ஏடு, 34 ஆண்டு கழித்து 2012 மே மாதத்தில்தான் பகிரங்கமாக வெளியானது. ஆறே மாதத்தில் சுபாங் ஜெயா. அதில் கேட்டிருப்பவை நேரடியான கேள்விகள். கண்டவர் மனநலத்தோடும் நேர்மையோடும் இருக்கிறாரா? சொல்வது விசுவாசத்துக்கு ஒத்துப்போகிறதா? யாராவது பணம் பார்க்கிறார்களா? கூட்டத்தின் வெறி பேசுகிறதா? ஜெபமும் மனமாற்றமும் அன்பும் விளைகின்றனவா?

இந்தக் கேள்விகளை எங்கள் கண்ணாடியிடம் கேட்டுப் பாருங்கள். பாதி பொருந்தவே இல்லை. இங்கே பெர்னதெத் யாரும் கிடையாது. செய்தி கிடையாது, குறுக்கு விசாரணை செய்ய ஆள் கிடையாது. இருப்பது ஓர் உருவும் பார்த்த கண்களும்தான். கறை எப்படி வந்தது என்று ஒரு ரசாயன நிபுணர் சொல்லிவிட்டாலும், அது கடவுளிடமிருந்து வந்ததா என்ற கேள்வி அப்படியே நிற்கும். மிஞ்சுவது கடைசிக் கேள்வி மட்டுமே. அதற்குப் பதில் பார்த்தவர்களின் வீட்டில் இருக்கிறது. அதை அறிய ஆண்டுகள் ஆகும். அதனால்தான் பேராயர் இல்லத்தின் மௌனத்தை நான் மதிக்கிறேன். அவசரப்பட்டு ஆமென் சொல்லியிருந்தால் ஏழைகளின் நம்பிக்கையை வைத்து யாராவது கடை விரித்திருப்பார்கள். அவசரப்பட்டு மறுத்திருந்தால், நோயாளியைப் படுக்கையில் விட்டுவிட்டுக் கீழே வந்து அழுதவர்களின் ஜெபத்தை மிதித்ததாகியிருக்கும்.

காத்திருப்பு இந்தக் கண்ணாடிக்கு மட்டும் வந்ததல்ல. கொமுட்டர் ரயிலேறி கே.எல். சென்ட்ரலில் இறங்கினால் பிரிக்பீல்ட்ஸ். அங்கே பாத்திமா மாதா கோயில். பாத்திமாவில் 1917இல் மூன்று பிள்ளைகள் கண்டதை அந்த ஊர் ஆயர் ஏற்றது 1930 அக்டோபரில், 13 ஆண்டு கழித்து. ஏற்ற பிறகும் லூர்தையோ பாத்திமாவையோ நம்பியே ஆகவேண்டும் என்ற கட்டாயம் எந்தக் கத்தோலிக்கருக்கும் இல்லை. இதைச் சொல்லும்போது வகுப்பில் எப்போதும் சலசலப்பு எழும். நற்செய்திக்கு மேல் புதிதாகச் சேர்க்க எந்தக் காட்சிக்கும் அதிகாரமில்லை என்று அதற்கு நான் விளக்கம் சொல்வேன்.

2024 மே மாதம் வத்திக்கான் புது விதிமுறை கொடுத்தது. இனி ஆயர்கள் பொதுவாக "இது இயற்கைக்கு அப்பாற்பட்டது" என்று தீர்ப்பு எழுத மாட்டார்கள். தடையில்லை என்பதிலிருந்து முழு மறுப்பு வரை ஆறு விதமான முடிவுகள். அதையும் ரோமின் ஒப்புதலோடு. பழைய மாணவி ஒருத்தி இதைப் படித்துவிட்டு, "அப்போ கடைசி வரைக்கும் நமக்குத் தெரியாதா டீச்சர்?" என்று கேட்டாள். அன்று கண்ணாடியைப் பார்த்துவிட்டு வந்து, பல வருடமாகப் பேசாதிருந்த அக்காவுக்குப் போன் செய்தவள் அவள். இப்போதும் பேசுகிறீர்களா என்று கேட்டேன். ஞாயிறுதோறும் என்றாள்.