பெட்டிக்கு இன்னொரு முனை எங்கே?

இந்த வாரம் ராஜாக்கள் கதை கிடையாது. சரியா சொன்னா ஒரு ராஜா வர்றார், ஆனா அவர் வீடியோ கேமுக்குள்ள வர்றவர். அந்த கேமை வெச்சுக்கிட்டு எழுநூறு வருஷம் பின்னாடி போய்ட்டு வரப்போறோம். ஹெட்போன் மாட்டிக்கோங்க.

கேமோட பேரு டெஸ்லாகிராட். நார்வேயில் பெர்கன் நகரத்தில் இருக்கும் ரெயின் கேம்ஸ் என்ற சின்ன ஸ்டுடியோ உருவாக்கி, 2013 டிசம்பரில் வெளியிட்டது. பக்கவாட்டில் ஓடிக் குதிக்கிற, புதிர் போடுகிற வகை. கையால் வரைந்த படங்கள். மொத்தக் கதையிலும் ஒரு வார்த்தை வசனம் கிடையாது. மழை கொட்டும் ஒரு ராத்திரி, ராஜாவின் சிப்பாய்கள் ஒரு வீட்டுக் கதவுக்கு வர்றாங்க, ஒரு சின்னப் பையன் தப்பி ஓடுறான், கூரை கூரையாகத் தாவி ஒரு பெரிய கோபுரத்துக்குள் நுழையறான். உள்ளே அவனுக்கு ஒரு கையுறை கிடைக்குது. அதால் இரும்புப் பெட்டியைக் குத்தினா அது சிவப்பாவோ நீலமாவோ மாறும். ஒரே நிறம் விலகும், வேறு நிறம் ஒட்டும். அவ்வளவுதான் விதி. அந்த ஒரு விதியை வெச்சு மணிக்கணக்கில் நம்மை அழ வைக்கிறாங்க. ஒரே அடியில் செத்துடுவோம், அது வேற.

பெரிய கேம் இல்லை. எனக்கு ரெண்டு வார இறுதி ஆச்சு. ரெண்டாவது வார இறுதியில் அக்கா பையன் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். எட்டாம் வகுப்பு. கொஞ்ச நேரம் பார்த்துட்டு ஒரு கேள்வி கேட்டான் பாருங்க: "மாமா, இந்தப் பெட்டி முழுக்க சிவப்பா இருக்கே, இதுக்கு இன்னொரு முனை எங்க?"

நான் பாஸ் பட்டனை அழுத்திட்டேன். ஏன்னா அவன் கேட்டது சரி. பள்ளிக்கூட லேப்பில் நாம பார்த்த சட்டக் காந்தம் ஞாபகம் இருக்கா? பாதி சிவப்பு, பாதி நீலம். ஒரு பக்கம் வடக்கு, ஒரு பக்கம் தெற்கு. முழுக்க சிவப்பா ஒரு காந்தத்தை நீங்களும் நானும் தொட்டதே கிடையாது. இந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் நான் 1269-க்குப் போனேன்.

1269 ஆகஸ்ட் 8. தெற்கு இத்தாலியில் லூசேரா என்ற ஊரை அஞ்சு நாட்டு சார்ல்ஸின் படை முற்றுகை போட்டிருக்கு. அந்தப் படை முகாமிலிருந்து பிரான்சின் மாரிகூர் ஊர்க்காரரான பெட்ரூஸ் பெரிகிரினூஸ் தன் நண்பருக்கு ஒரு கடிதம் எழுதுகிறார். முற்றுகை எவ்வளவு கஷ்டம், சாப்பாடு எப்படி என்றெல்லாம் இல்லை. முழுக்க முழுக்கக் காந்தக்கல் பற்றி. எனக்கு இந்த மனுஷனை ரொம்பப் பிடிச்சுப்போச்சு.

அவர் செய்தது இதுதான். ஒரு காந்தக்கல்லை உருண்டையாகத் தேய்த்தார். அதன் மேல் ஒரு ஊசியை வைத்து, ஊசி நிற்கிற திசையில் கோடு போட்டார். வேறு இடத்தில் வைத்து இன்னொரு கோடு. இப்படியே போட்டுக்கொண்டு போனால் எல்லாக் கோடுகளும் எதிரெதிரான இரண்டு புள்ளிகளில் வந்து சேருகின்றன, உலக உருண்டையின் தீர்க்கரேகைகள் மாதிரி. அந்தப் புள்ளிகளைத்தான் துருவங்கள் என்றார். பிறகு ஒரு கல்லை மரக்கிண்ணத்தில் வைத்துத் தண்ணீரில் மிதக்கவிட்டார். இன்னொரு கல்லைக் கையில் பிடித்து அருகே கொண்டுபோனார். வடக்குக்குத் தெற்கைக் காட்டினால் கிண்ணம் ஓடி வருகிறது. வடக்குக்கு வடக்கைக் காட்டினால் விலகி ஓடுகிறது. டெஸ்லாகிராட் விதி, ஒரு தண்ணீர்த் தொட்டியில், பதின்மூன்றாம் நூற்றாண்டில்!

அடுத்து அவர் செய்த காரியம்தான் நம்ம பையன் கேள்விக்கு நேரடி பதில். காந்தத்தை இரண்டாக உடைத்தார். ஒரு துண்டில் வடக்கும் இன்னொன்றில் தெற்கும் தனித்தனியாக வந்துவிடும் என்றுதானே நாம் நினைப்போம்? வரவில்லை. உடைந்த இடத்திலேயே புதுசாக இரண்டு முனைகள் முளைத்திருந்தன. ஒவ்வொரு துண்டும் ஒரு முழுக் காந்தம். மறுபடி உடைத்தாலும் அதே கதைதான்.

அப்போ கேம்ல இருக்கிற பெட்டி? பொய். ஆனா அவசியமான பொய். வீட்டில் ரெண்டு சின்னக் காந்தம் இருந்தா மேஜை மேல் வெச்சு, ஒன்றால் இன்னொன்றைத் தள்ளிப் பாருங்க. கொஞ்ச தூரம் நகரும், உடனே சட்டுனு திரும்பி 'டக்'னு வந்து ஒட்டிக்கும். ஏன்னா அதன் மறுமுனை அங்கேயே காத்துக்கிட்டு இருக்கு. சுதந்திரமா விட்டா காந்தம் எப்பவும் திரும்பி ஒட்டத்தான் பார்க்கும். விலக்கு விசையை நம்பி ஒரு பள்ளத்தைத் தாண்டவே முடியாது. அதனால் காந்தத்தை வெச்சு யார் கேம் செய்தாலும் முதலில் இந்த இடத்தில் கை வைக்கணும். 2000-த்தில் ட்ரீம்காஸ்டுக்கு ஜப்பானின் கென்கி நிறுவனம் 'சூப்பர் மேக்னடிக் நியோ' என்று ஒன்று செய்தது. அதிலும் பொம்மைப் பையன் ஒரு பட்டனுக்கு ஒரு துருவம்தான் வீசுவான். மறுபாதியை மறைச்சாத்தான் ஆட்டமே ஆரம்பிக்கும்.

இந்த ஒற்றை முனையை கேம்காரங்க மட்டும் தேடலை. 1931-இல் இயற்பியலாளர் பால் டிராக், அப்படி ஒன்று பிரபஞ்சத்தில் எங்காவது இருக்க இடமுண்டு, இருந்தால் மின்னூட்டம் ஏன் எப்போதும் குறிப்பிட்ட அளவுகளில் வருகிறது என்பதற்கு விளக்கம் கிடைக்கும் என்று எழுதினார். 1982 பிப்ரவரி 14, ஆமாம் காதலர் தினம்தான், அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டில் பிளாஸ் கப்ரேரா வைத்திருந்த மீகடத்தி வளையத்தில் ஒரே ஒரு சமிக்ஞை பதிவானது. ஒற்றை முனை ஒன்று கடந்துபோனால் எப்படிப் பதிவாகுமோ அப்படியே. அதற்குப் பிறகு எத்தனையோ கருவிகள் காத்திருந்து பார்த்தன. அது திரும்ப வரவே இல்லை. காதலர் தினத்தில் ஒரு தடவை வந்துட்டு அப்புறம் பதிலே போடாத ஆள்... சரி, விடுங்க.

கேமில் இன்னொரு சங்கதியும் இருக்கு: நிறத்தை மாற்ற முடியும். கையுறையால் குத்தினா சிவப்பு நீலமாகுது. பெரிகிரினூஸின் கல் அப்படி மாறாது. வேணும்கிற நேரத்தில் உயிர் வந்து, வேண்டாம்னா அணைஞ்சுபோகிற காந்தத்துக்கு உலகம் 1820 வரை காத்திருந்தது. அந்த வருஷம் டென்மார்க்கில் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஓர்ஸ்டெட், மின்சாரம் ஓடும் கம்பிக்குப் பக்கத்தில் திசைகாட்டி ஊசி அசைவதைக் கண்டார். சில வருஷத்தில் இங்கிலாந்தின் வில்லியம் ஸ்டர்ஜன் இரும்பில் கம்பியைச் சுற்றி மின்காந்தம் செய்தார். ஸ்விட்சைப் போட்டா காந்தம், அணைச்சா வெறும் இரும்பு.

இப்போ நார்வேக்குத் திரும்பிப் போவோம். கேமின் பெயர்ப் பலகையில் இருப்பது செர்பிய வம்சத்து நிகோலா டெஸ்லா. ஆனா நார்வே மண்ணிலேயே, இந்தக் கதையை நிஜத்தில் வாழ்ந்த ஒருத்தர் இருந்தார்: கிறிஸ்டியான் பிர்கலாண்ட். 1867-இல் கிறிஸ்டியானியாவில், அதாவது இன்றைய ஓஸ்லோவில், பிறந்தவர். அவருக்கு இருந்தது ஒரே பைத்தியம், வடதுருவ ஒளி. வானத்தில் பச்சைத் திரை ஆடுதே, அது ஏன் என்று தெரிஞ்சாகணும். சூரியனிலிருந்து வரும் மின்துகள்களைப் பூமியின் காந்தப்புலம் துருவங்களுக்கு இழுத்துக்கொண்டு போகிறது என்பது அவர் கணிப்பு. அதை நிரூபிக்க, காற்று நீக்கிய கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு காந்த உருண்டையைத் தொங்கவிட்டு அதன் மேல் மின்துகள்களைப் பாய்ச்சினார். உருண்டையின் துருவங்களைச் சுற்றி ஒளி வளையம் வந்தது. பெரிகிரினூஸ் தேய்த்த அதே உருண்டைக் காந்தம்தான், இப்போ ஒரு குட்டி பூமியாகிவிட்டது. பனிமலை உச்சியில் ஆய்வகம், வடக்கே நான்கு இடங்களில் நிலையங்கள் என்று போனார். இதுக்கெல்லாம் பணம் வேணுமே?

பணத்துக்காக அவர் எடுத்த வழி, பீரங்கி. கம்பிச் சுருள்களை ஒன்றன் பின் ஒன்றாக ஒரு குழாயில் வரிசையாக மாட்டுவது. முன்னால் இருக்கும் சுருளில் மின்சாரம் பாய்ந்தால் அது இரும்புக் குண்டைத் தன்னிடம் இழுக்கும். குண்டு வந்து சேர்ந்ததும் அதை அணைத்துவிட்டு அடுத்ததை உசுப்பணும். வெடிமருந்து கிடையாது, புகை கிடையாது, சத்தம் கிடையாது. டெஸ்லாகிராட்டில் காந்த வரிசைகள் நம்மை வீசியெறிகிற அறைகளை ஆடியவங்களுக்கு இது உடனே பிடிபடும். 1901-இல் காப்புரிமை எடுத்தார், ஒரு கம்பெனியும் தொடங்கினார்.

1903 மார்ச் 6. பல்கலைக்கழக மண்டபம் நிறையக் கூட்டம். பீரங்கி சத்தமே போடாது, குண்டு இலக்கில் மோதுவது மட்டும்தான் கேட்கும் என்று அவரே சொல்லியிருந்தார். ஸ்விட்சை அழுத்தினார். ஷார்ட் சர்க்யூட்! கண்ணைப் பறிக்கிற மின்வில், காதைக் கிழிக்கிற சீற்றம், பீரங்கி வாயில் தீ, கூட்டத்தில் கூச்சல். கம்பெனியின் கதை அந்த ஒரே சுடலில் முடிந்தது. லைவ் டெமோ கொடுத்துப் பழக்கமுள்ள ஐடி நண்பர்கள் இந்த இடத்தில் ஒரு நிமிஷம் மௌனம் காக்கலாம்.

ஆனா அந்தத் தீதான் விஷயம். ஷோவுக்குச் சில வாரம் முன்னாடி, பிப்ரவரியில், ஒரு விருந்தில் பிர்கலாண்ட் சாம் ஐடெ என்ற பொறியாளரைச் சந்தித்திருந்தார். ஐடெயிடம் அருவிகளின் உரிமை இருந்தது, அதாவது மின்சாரம் கைவசம். அதை என்ன செய்வது என்று தேடிக்கொண்டிருந்தார். உலகத்துக்கோ அப்போ ஒரு பயம்: வயலுக்குப் போடும் நைட்ரேட் உப்பு சிலியின் பாலைவனத்திலிருந்து வருது, அது தீர்ந்துபோனா? காற்றில் நைட்ரஜன் கொட்டிக்கிடக்கு, ஆனா அதைப் பிடிக்க மின்னல் வேணும். மின்னல்தானே? என் பீரங்கி சோதனைகளில் வேண்டாம் வேண்டாம்னாலும் அதுதான் வருது என்ற நிலைமையில் இருந்தவர் பிர்கலாண்ட்.

அங்கேயும் வேலை செய்தது காந்தம். சாதாரண மின்வில் ஒரு மெல்லிய கோடு. அதற்குக் குறுக்கே பலமான மின்காந்தத்தை வைத்தால் அந்தக் கோடு விரிந்து வட்டத் தட்டு மாதிரி ஆகிவிடும். அந்தத் தீத்தட்டு வழியாகக் காற்றை ஊதினால் நைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்கின்றன, அதிலிருந்து நைட்ரிக் அமிலம், அதிலிருந்து உரம். 1905 டிசம்பரில் நார்ஸ்க் ஹைட்ரோ பிறந்தது. நோட்டோடன், ருகான் ஊர்களில் ஆலைகள் எழுந்தன. இந்த முறை மின்சாரத்தைக் குடித்துத் தீர்க்கும். பின்னால் வந்த ஹேபர்–பாஷ் முறை அதை ஓரங்கட்டியது. ஆனாலும் அந்த இரண்டு ஊர்களும் 2015-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறின.

பிர்கலாண்டுக்கு என்ன கிடைத்தது? பணம் கிடைத்தது, அதை மறுபடி வானத்துக்கே செலவழித்தார். நோபலுக்குப் பல முறை பரிந்துரைத்தார்கள், கிடைக்கவில்லை. தூக்க மருந்துப் பழக்கம் பிடித்துக்கொண்டது. 1917 ஜூனில் டோக்கியோவில் ஒரு ஹோட்டல் அறையில் இறந்துகிடந்தார், வயது 49. துருவ வானத்தில் மின்னோட்டங்கள் ஓடுகின்றன என்று அவர் சொன்னதைப் பல அறிஞர்கள் அரை நூற்றாண்டு ஏற்கவில்லை. 1960-களில் ஒரு செயற்கைக்கோள் மேலே போய் அதன் தடயத்தைப் பிடித்தது. இன்றைக்கு அவற்றுக்குப் பேரே பிர்கலாண்ட் மின்னோட்டங்கள். 1994-இல் 200 குரோனர் நோட்டில் அவர் முகத்தைப் போட்டாங்க. 2017-இல் அதை எடுத்துட்டு காட் மீனைப் போட்டாங்க. நார்வேக்காரங்களுக்கு மீன் முக்கியம், ஒத்துக்கறேன். இருந்தாலும்!

கேமில் ராஜாவுக்கு அந்தக் காந்த வித்தைக்காரர்கள் முதலில் வேண்டியவர்கள், பிறகு வேண்டாதவர்கள். கோபுரத்துக்குள் ஒரு பொம்மலாட்ட மேடை அந்தக் கதையைச் சொல்லும், வசனமே இல்லாம. முதல் தடவை அதை நான் அவசர அவசரமா ஓடிக் கடந்தேன். பிர்கலாண்டைப் படிச்ச பிறகு திரும்பிப் போய் நின்னு பார்த்தேன்.

அக்கா பையன் அதுக்குள்ள என்னைத் தாண்டிப் போய்ட்டான். அவன் அங்கி கிடைக்கிற இடத்துக்கு வந்தாச்சு. அதைப் போட்டா பெட்டி இல்லை, பையனே சிவப்பாகவோ நீலமாகவோ ஆயிடுவான், காந்தத் தரைக்கு மேல் அப்படியே மிதப்பான். நான் பக்கத்தில் உட்கார்ந்து, "டேய், நிஜத்துல இப்படி மிதக்க முடியாதுடா. 1842-லயே எர்ன்ஷானு ஒருத்தர் கணக்கு போட்டு நிரூபிச்சுட்டார். நிலையான காந்தங்களை மட்டும் வெச்சு ஒரு பொருளைக் காத்துல ஸ்டெடியா நிறுத்தவே முடியாது, எந்தப் பக்கமாவது சரியும்" என்று ஆரம்பிச்சேன்.

"மாமா, தள்ளுங்க, ஸ்கிரீன் மறைக்குது" என்றான்.