பனி பெய்த ஊர்களும் சாய்ந்த கம்பங்களும்

மலருக்கு ஒரு சரித்திரக் கட்டுரை வேண்டும் என்று குழு நண்பர்கள் கேட்டார்கள். இ.இ.இ. படித்துவிட்டு பத்துப் பதினைந்து வருஷமாக மின்கம்பிப் பாதை டிசைனில் காலம் தள்ளுகிறவனிடம் சரித்திரம் கேட்டால் என்ன வரும்? ராஜா ராணி கதை வராது. கம்பம், கம்பி, டவர் கதைதான் வரும். அதுவும் சரித்திரம்தானே நண்பர்களே! மனுஷன் செத்த கதையும் பிழைத்த கதையும் அதற்குள்ளேயும் இருக்கிறது.

நமக்குப் பனி என்றால் மார்கழிப் பனி. புல் நுனியில் முத்து முத்தாய் நிற்கும், வெயில் ஏறினால் போய்விடும். தாத்தா மப்ளர் கட்டிக்கொள்வார், அவ்வளவுதான். பனிக்கு எடை உண்டு என்பது நமக்குத் தோன்றுவதே இல்லை. புதிதாக விழுந்த பனி ஒரு கனமீட்டர் 100 கிலோ அளவுக்கு வரும். அதுவே பல நாள் அமுங்கிக் கிடந்தால் 300 கிலோவையும் தாண்டும். ஒரு வீட்டுக் கூரையில் எத்தனை கனமீட்டர் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

நியூயார்க், 1888

மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. நியூயார்க்கில் மழை. குளிர்காலம் முடிந்தது என்று ஊரே நினைத்துக்கொண்டிருந்தது. நள்ளிரவுக்குப் பிறகு மழை பனியாக மாறியது. நகரத்தில் விழுந்தது சுமார் 21 அங்குலம். கேட்டால் குறைவாகத்தான் தெரியும். ஆனால் பேய்க்காற்று அதை வாரிக்கொண்டு போய்ச் சந்து சந்தாகக் குவித்தது. திங்கட்கிழமை காலை வேலைக்குக் கிளம்பியவர்கள் உயர்பாதை ரயில்களில் நடுவழியில் மாட்டிக்கொண்டார்கள். கீழே ஏணி வைத்து, இறக்கிவிடத் தலைக்கு இவ்வளவு என்று காசு வசூலித்தவர்களும் இருந்தார்கள். சம்பாதிக்கிற வழி எந்த ஊரிலும் ஒன்றுதான்! அமெரிக்க செனட்டராக இருந்த ராஸ்கோ காங்க்ளிங், வால் ஸ்ட்ரீட்டிலிருந்து நடந்தே வீட்டுக்குப் போகப் பார்த்து, பனியில் மயங்கி விழுந்து, அடுத்த மாதம் இறந்துபோனார். அந்தப் புயலில் கிழக்குக் கரை முழுவதும் 400 பேருக்கு மேல் மாண்டார்கள். அதில் பாதி நியூயார்க் நகரத்திலேயே.

அந்நாளில் நியூயார்க் தெருக்களில் தந்தி, டெலிபோன், மின்சாரம் என்று ஆளுக்கொரு கம்பெனி கம்பம் நட்டு, ஆகாயம் தெரியாதபடி கம்பி இழுத்திருந்தது. எல்லாம் அறுந்து விழுந்தன. பாஸ்டனுக்குச் செய்தி அனுப்ப, கடலடிக் கேபிளில் லண்டனுக்கு அனுப்பி அங்கிருந்து திருப்பி வாங்கினார்கள். நம்மூர் பஸ் ஓடாததால் மதுரையிலிருந்து விருதுநகருக்கு டெல்லி வழியாகப் போன மாதிரி!

இதில் என் மனதை உறுத்துவது என்னவென்றால், கம்பிகளைப் பூமிக்குள் புதைக்க வேண்டும் என்ற சட்டம் 1884-லேயே வந்துவிட்டது. புயலுக்கு நான்கு வருஷம் முன்னால்! தொழில்நுட்பம் இல்லை என்றும் சொல்ல முடியாது. 1882-லேயே எடிசன் பேர்ல் ஸ்ட்ரீட் மின்நிலையத்திலிருந்து பூமிக்கு அடியில்தான் மின்சாரம் கொண்டுபோனார். "செலவு ஜாஸ்தி" என்று மற்ற கம்பெனிகள் இழுத்தடித்தன. புயலுக்குப் பிறகும் இழுத்தடித்தன. 1889-ல் மேயர் ஹ்யூ கிராண்ட் ஆட்களை விட்டுக் கம்பங்களை வெட்டத் தொடங்கினார். கம்பெனிகள் கோர்ட்டுக்குப் போய்த் தடை வாங்கின. அந்த அக்டோபர் 11-ஆம் தேதி ஜான் ஃபீக்ஸ் என்ற லைன்மேன், பட்டப்பகலில், ஜனங்கள் கீழே நின்று பார்த்துக்கொண்டிருக்க, கம்பி வலைக்குள்ளேயே மின்சாரம் தாக்கி இறந்தார். அவர் தொட்டது ஆபத்தில்லாத தந்திக் கம்பி. வேறெங்கோ ஓர் இடத்தில் அதன்மேல் உயர் அழுத்தக் கம்பி படிந்திருந்தது. அவர் உடல் வெகு நேரம் மேலேயே தொங்கியது. அதன் பிறகுதான் ஊர் கொதித்தது. அந்த வருஷக் கடைசியில் தடை நீங்கி, கம்பங்கள் விழ ஆரம்பித்தன.

"அந்தப் பனிப்புயலால்தான் நியூயார்க்குக்குச் சுரங்க ரயில் வந்தது" என்று பலர் எழுதுவார்கள். பாதி உண்மைதான். மேயர் ஹீவிட் புயலுக்குச் சில வாரம் முன்பே, ஜனவரியிலேயே, திட்டத்தைச் சொல்லிவிட்டார். சுரங்க ரயில் ஓடியது 1904-ல். நல்ல யோசனைகள் எல்லாம் புயலுக்கு முன்னாலேயே மேஜை மேல் இருந்தன என்பதுதான் சரித்திரம்.

ஜப்பானின் பனி நாடு

அடுத்து ஜப்பானுக்குப் போவோம். சைபீரியாவிலிருந்து வரும் வறண்ட குளிர்காற்று ஜப்பான் கடலைத் தாண்டும்போது ஈரத்தைக் குடித்துக்கொள்கிறது. மலையில் மோதி அத்தனையையும் மேற்குக் கரையில் கொட்டுகிறது. நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் தென்மேற்குப் பருவக்காற்று மோதுகிற அதே கதைதான், மழைக்குப் பதில் பனி. நீகாத்தா மாநிலத்தில் தகாதா என்ற ஊரில் 1945 பிப்ரவரியில் தரையில் கிடந்த பனியின் உயரம் 377 செ.மீ. இரண்டு ஆள் உயரம்!

அந்த ஊர்க்காரர்கள் என்ன செய்தார்கள்? ஒவ்வொரு வீட்டுக்காரரும் தன் சொந்த நிலத்தில், வாசலுக்கு முன்னால், தெரு ஓரமாக ஒரு தாழ்வாரம் இறக்கினார். பக்கத்து வீட்டுத் தாழ்வாரத்தோடு அது சேர்ந்துகொள்ளும். "காங்கி" என்று பெயர். தெரு முழுக்கப் பனியில் புதைந்தாலும் ஜனங்கள் அதன் அடியிலேயே கடைக்குப் போய் வரலாம். நம் வீட்டுத் திண்ணை வழிப்போக்கனுக்கு இடம் கொடுத்ததே, அந்த மனசுதான். நூற்றாண்டுகளாக நடக்கிறது.

அதே மாநிலத்தில் நாகவோகா ஊர்க்காரர்கள் 1961-ல் வேறொரு வேலை செய்தார்கள். சாலை நடுவில் குழாய் பதித்து, நிலத்தடி நீரை ஏற்றி, சின்னச் சின்னத் துளைகள் வழியாகப் பீய்ச்சவிட்டார்கள். நிலத்தடி நீர் 13 டிகிரி அளவில் இருக்கும். விழுகிற பனி விழ விழக் கரைந்து ஓடும். மார்கழிக் காலையில் கிணற்றுத் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்குமே, அதே தத்துவம். 1963 ஜனவரியில் அங்கே 3 மீட்டருக்கு மேல் பனி கொட்டியபோது, குழாய் போட்ட சாலை மட்டும் கறுப்பாகத் தெரிந்தது. பிறகென்ன, ஊர் ஊராகப் பரவிவிட்டது. 1982-ல் நீகாத்தாவுக்கு வந்த புல்லட் ரயில் பாதையிலும் வெந்நீர் தெளிப்பான்கள்தான்.

சும்மா கிடைத்த வரமா என்றால், இல்லை. எல்லோரும் நீரை உறிஞ்சியதில் தரை மெல்ல இறங்கத் தொடங்கியது. பனி விழும்போது மட்டும் திறக்கிற கருவி, கிணறு தோண்டக் கட்டுப்பாடு என்று பின்னால் கொண்டுவர வேண்டியதாயிற்று. கூரைப் பனியைத் தள்ள வீட்டில் இளவட்டமும் இல்லை, எல்லோரும் டோக்கியோவில். 2005-06 குளிர்காலத்தில் பனியால் அந்நாட்டில் 152 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் முதியவர்கள். மண்வெட்டியோடு கூரை ஏறியவர்கள் அதில் நிறைய. நம் கிராமங்களும் ஞாபகம் வருகிறதல்லவா?

கியூபெக், 1998, டெக்ஸாஸ், 2021

கனடாவில் பனி பழகிய விஷயம். ஆனால் 1998 ஜனவரி 5 முதல் அங்கே பெய்தது பனி இல்லை, மழை. மேலே வெதுவெதுப்பான காற்று, தரையை ஒட்டிக் கடுங்குளிர். துளி தண்ணீராகவே வந்து, கம்பியில் பட்டவுடன் கண்ணாடி போல உறையும். ஆறு நாளில் சில இடங்களில் 100 மி.மீ. வரை. டவர்கள் தாங்கவில்லை. ஒரு டவர் விழுந்தால் கம்பியின் இழுவை ஒரே பக்கமாகி அடுத்ததையும் இழுக்கும், சீட்டுக்கட்டு வீடு மாதிரி. ஆயிரத்துக்கும் மேற்பட்ட டவர்கள் மடிந்தன. மாண்ட்ரியலுக்குத் தெற்கே சில ஊர்களில் ஒரு மாதம் மின்சாரம் இல்லை, அந்தக் குளிரில்!

கியூபெக் மின் நிறுவனம் பாடம் படித்தது. குறிப்பிட்ட இடைவெளியில் சரிவைத் தடுத்து நிறுத்தும் பலமான டவர்களை நட்டது. லெவி துணைமின்நிலையத்தில், கம்பியில் நேர்மின்சாரம் பாய்ச்சிச் சூடேற்றி ஐஸை உதிர்க்கும் கருவியையும் வைத்தது.

டெக்ஸாஸ் படிக்கவில்லை. 2011 பிப்ரவரியில் குளிரில் மின்நிலையங்கள் உறைந்து நின்றன. குளிர்காப்பு செய்யுங்கள் என்று மத்திய அமைப்புகள் அறிக்கை கொடுத்தன. 1989-லும் இப்படியே நடந்திருந்தது. கட்டாயம் இல்லை என்பதால் பலர் செய்யவில்லை. 2021 பிப்ரவரி 15 விடியற்காலை எரிவாயுக் கிணறு, குழாய், மின்நிலையம் எல்லாம் உறைந்தன. 60 ஹெர்ட்ஸ் இருக்க வேண்டிய அலைவெண் 59.4-க்குக் கீழே இறங்கி 4 நிமிஷம் 23 வினாடி நின்றது. ஒன்பது நிமிஷம் நின்றிருந்தால் வரிசையாக ஜெனரேட்டர்கள் கழன்றுகொண்டு மாநிலமே இருண்டிருக்கும். அதைத் தடுக்க லட்சக்கணக்கான வீடுகளின் மின்சாரத்தை வெட்டினார்கள். அரசுக் கணக்கிலேயே 246 பேர் இறந்தார்கள், பலர் தங்கள் வீட்டுக்குள்ளேயே குளிரில் விறைத்து. காற்றாலை குளிரில் ஓடாது என்று அப்போது ஒரு பேச்சு. அதைவிடக் குளிரான கனடாவில் ஓடுகிறதே! குளிருக்கான சாதனங்களை வாங்கி மாட்டினால் ஓடும். அந்த வருஷம்தான் டெக்ஸாஸில் குளிர்காப்பு சட்டப்படி கட்டாயமானது.

நம் கரைக்கு வருவோம்

நமக்குப் பனி இல்லை, புயல் உண்டு. 2018 நவம்பர் 16 கஜா புயலில் டெல்டா மாவட்டங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. எல்லா மாவட்டத்து லைன்மேன்களும் வந்து, சேற்றில் நின்று, தோளில் கம்பம் தூக்கி நட்டார்கள். அவர்களைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும். ஆனால் அடுத்த புயலுக்கும் அதே தோள்தான் என்றால் நாம் எதற்குப் படித்தோம்? 2011 தானே புயலுக்குப் பிறகு கடலூர், நாகப்பட்டினம், வேளாங்கண்ணியில் கம்பிகளைப் பூமிக்குள் கொண்டுபோகும் வேலையை அரசு கையில் எடுத்தது. செலவு பல மடங்குதான். ஆனால் புயலுக்குப் புயல் நடுகிற கம்பத்தின் செலவையும், இருட்டில் கிடந்த ஊரின் நஷ்டத்தையும், ஏறி விழுந்த ஆளின் குடும்பத்தையும் ஏன் அதே காகிதத்தில் எழுதிக் கூட்டுவதில்லை?

நம்மில் சிலர் மின்வாரியத்தில் இருக்கிறீர்கள், சிலர் நெடுஞ்சாலையில், சிலர் கான்ட்ராக்ட்டில், சிலர் வெளிநாட்டில். 1884-ல் வந்த சட்டம் போல, 2011-ல் வந்த அறிக்கை போல, உங்கள் மேஜையிலும் ஏதோ ஒரு ஃபைல் "செலவு ஜாஸ்தி" என்ற குறிப்போடு தூங்கிக்கொண்டிருக்கும். ரீயூனியன் முடிந்து ஊர் திரும்பியதும் அதை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். அடுத்த ஐப்பசிக்குள் எடுத்தால் இன்னும் நல்லது.