மூட்டும் மசகும்

கதவு திரும்புவதற்காக நிலையில் அறையப்படும் இரும்புப் பொருத்துக்குக் கீல் என்று பெயர். உடம்பில் எலும்பும் எலும்பும் கூடுமிடத்திற்கும் தமிழில் அதுவே பெயர். கீல்வாதம் என்னும் நோய்ப் பெயரில் அச்சொல் இன்றளவும் வாழ்கிறது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் உரோமாபுரியில் புகழ்பெற்று விளங்கிய கிரேக்க மருத்துவர் கேலனும், ஒருபுறமாக மட்டும் மடங்கி நிமிரும் மூட்டுக்குக் கதவுக் கீலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லையே இட்டு வழங்கினார். தொலைவில் உள்ள இரு மொழிகள் ஒரே உவமையைக் கண்டிருப்பது இன்பந்தரும் செய்தியாகும்.

வடிவத்தைக் கொண்டு அசைவை உணரும் இவ்வறிவு பழமையானது. ஆனால், நாள்தோறும் ஆயிரக்கணக்கான முறை இயங்கும் மூட்டு எழுபது எண்பது ஆண்டுகள் ஓரளவு பழுதின்றி உழைப்பது எங்ஙனம் என்ற வினா நெடுங்காலம் விடையின்றிக் கிடந்தது. இடுப்பு மூட்டுக் கெட்டு நடை இழந்தோர்க்கு மருத்துவர் உதவ முற்பட்டபோது அவ்வினாவே வழிமறித்து நின்றது.

வடமொழியில் அமைந்த சுசுருத சங்கிதை, மூட்டுகளைச் சந்திகள் என்று குறித்து அவை 210 என எண்ணுகிறது. கை கால்களில் 68, நடுவுடலில் 59, கழுத்திலும் அதற்கு மேலும் 83. கால் ஒன்றுக்கு 17 என்பது அந்நூலின் கணக்கு. நான்கு விரல்களில் மும்மூன்று, பெருவிரலில் இரண்டு, கணுக்கால், முழங்கால், தொடைமூலம் ஆகியவற்றில் ஒவ்வொன்று. அசைவன, அசையாதன என்று சந்திகளை இரு கூறாக்கிய பின், வடிவம் பற்றி எட்டு வகையாகவும் அந்நூல் பிரிக்கிறது. தோள்மூலமும் தொடைமூலமும் உரல் போன்றவை. தாடை காக்கையின் அலகு போன்றது. மண்டையோட்டு இணைப்புகள் துணியில் இட்ட தையல் போன்றவை. உரல் வகையில் பற்களையும் சேர்த்திருப்பது இன்று வியப்பைத் தரலாம். பல் அசைவதற்கு அமைந்ததன்று. ஆயினும் குழியில் பொருந்தி நிற்கும் வடிவத்தை மட்டும் நோக்கின் குறை சொல்வதற்கில்லை.

இக்கணக்கினும் சிறந்த செய்தி ஒன்று அந்நூலில் உண்டு. நெய்ப்பசை இட்ட அச்சில் சக்கரம் செவ்வனே சுழல்வதுபோலக் கபம் தோய்ந்த சந்திகள் செவ்வனே இயங்கும் என்பது அதன் கருத்து. வண்டி அச்சுக்கு மை இடுவதைக் கண்டோர்க்கு இவ்வுவமை எளிதில் விளங்கும். மூட்டின் உயிர் அதன் வடிவில் மட்டும் இல்லை, மசகிலும் உண்டு என்ற எண்ணத்தின் பழைய தடம் இது.

அசைவின் வகைகளைக் காண ஏடு வேண்டியதில்லை. கை ஒன்றே போதும். முழங்கையை மேசைமேல் ஊன்றி உள்ளங்கையை மேலும் கீழுமாகப் புரட்டினால், முழங்கையே திரும்புவதுபோலத் தோன்றும். உண்மையில் முன்கையின் ஈரெலும்புகளில் ஒன்று மற்றொன்றைச் சுற்றிப் புரள்கிறது. மடக்குவதும் நீட்டுவதும் கீல் மூட்டின் வேலை. புரட்டுவது முளை மூட்டின் வேலை. இரண்டும் அருகருகே அமைந்திருப்பதால்தான் மனிதன் சோற்றை எடுத்து வாய்க்குக் கொண்டு செல்ல முடிகிறது. கட்டைவிரலின் அடியில் உள்ளது சேண மூட்டு. குதிரைமேல் இருப்பவன் முன்பின்னாகவும் பக்கவாட்டிலும் சாய்வதுபோல அது இருவழியில் அசையும். எழுதுகோல் பிடிப்பதற்கு அதுவே துணை. தோளும் இடுப்பும் பந்துக்கிண்ண மூட்டுகள். மடக்கல், நீட்டல், விலக்கல், அணைத்தல், சுழற்றல் யாவும் அவற்றில் நிகழும். தோளின் கிண்ணம் ஆழமற்றது; ஆதலின் கை எங்கும் செல்லும், எளிதில் நழுவவும் நழுவும். இடுப்பின் கிண்ணமோ ஆழமானது. அசைவு சற்றுக் குறைவு, உறுதி மிகுதி.

இடுப்பு தாங்கும் சுமையை எண்ணுவோர் சிலரே. இத்தாலியரான பொரெல்லி, 1680இல் வெளிவரத் தொடங்கிய தம் நூலில், எலும்புகளை நெம்புகோல்களாகக் கொண்டு தசைகளின் விசையைக் கணக்கிட்டார். தசை மூட்டுக்கு மிக அருகில் பற்றியிருப்பதால், தூக்கும் எடையினும் பன்மடங்கு விசையோடு அது இழுக்க வேண்டும் என்று காட்டினார். அந்த இழுப்பு முழுவதும் மூட்டின்மேல் விழும். நடக்கையில் ஒற்றைக் காலில் நிற்கும் நொடியில் இடுப்பு மூட்டு உடலெடையைப்போல் இருமடங்குக்கு மேல் தாங்குகிறது.

செருமானியச் சகோதரர்களான வில்ஹெல்ம் வேபரும் எடுவார்ட் வேபரும் 1836இல் மனித நடையைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டனர். வில்ஹெல்ம், காஸ் என்னும் கணித மேதையோடு சேர்ந்து மின்தந்தி அமைத்தவர். இயற்பியலறிஞர் ஒருவர் மூட்டை ஆராய வந்தது நல்வாய்ப்பே. பிணத்தின் இடுப்பைச் சூழ்ந்த தசைகளை அறுத்த பின்னும் கால் கழன்று விழவில்லை. கிண்ணத்தில் துளையிட்டுக் காற்றைப் புகவிட்டதும் தொடையெலும்பின் தலை நழுவியது. பந்தைக் கிண்ணத்தில் பொருத்தி வைப்பதில் காற்றழுத்தத்துக்கும் பங்குண்டு என அவர்கள் முடிவு செய்தனர். முழங்கால் வெறுங்கீல் அன்று, அங்கே எலும்பு உருளவும் வழுக்கவும் செய்கிறது என்பதையும் அவர்கள் விளக்கினர்.

மசகின் கதை மெல்ல நடந்தது. மூட்டில் ஊறும் நீர் முட்டையின் வெண்கரு போல் இருப்பதைப் பதினாறாம் நூற்றாண்டு மருத்துவர் பாரசெல்சஸ் இட்ட பெயர் நினைவூட்டுகிறது. 1691இல் ஆங்கிலேயரான கிளாப்டன் ஹேவர்ஸ், அந்நீரைச் சிறு சுரப்பிகள் சுரக்கின்றன என்றார். மூட்டின் உட்சவ்வே அதைத் தருகிறது என்பது பின்னர்த் தெளிந்தது. 1743இல் வில்லியம் ஹண்டர் எலும்பு முனைகளைப் போர்த்திய குருத்தெலும்பை ஆராய்ந்து, அது ஒருமுறை அழிந்தால் மீண்டும் வளராது என்ற கடுஞ்செய்தியை உரைத்தார். குருத்தெலும்பில் இரத்தக் குழாய் இல்லை. ஆதலின் ஆறும் வல்லமையும் அதற்கு மிகக் குறைவு. எலும்பு முறிந்தால் கூடும். குருத்தெலும்பு தேய்ந்தால் எலும்போடு எலும்பு உரசும். அவ்வலியால் இரவில் உறக்கமிழந்தோர்க்கு இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை நிலையான பரிகாரம் இருந்ததில்லை.

1946இல் பாரிசில் ஜுடே சகோதரர்கள் தொடையெலும்பின் தலையை நீக்கி, அக்ரிலிக்கால் ஆன தலையைப் பொருத்தினர். வடிவம் பொருத்தமாகவே இருந்தது. ஆனால் அவ்வகை மூட்டுப் பொருத்தப்பட்ட ஒருவர் மேசைமேல் குனியும்போதெல்லாம் இடுப்பு கிறீச்சிட்டதாகவும், அவ்வொலியை அவர் மனைவி சகியாததாகவும் ஆங்கிலேய அறுவை மருத்துவர் ஜான் சார்ன்லி கேள்வியுற்றார். மற்றவர்க்கு நகைப்பாகத் தோன்றியது அவர்க்கு ஆராய்ச்சிப் பொருளாயிற்று. ஒலி உராய்வின் அறிகுறி. இயற்கை மூட்டு பனிக்கட்டிமேல் பனிக்கட்டி வழுக்குவதினும் எளிதாக வழுக்குகிறது. அந்த வழுக்கு குருத்தெலும்பும் மூட்டுநீரும் கூடியதால் வருவது. குருத்தெலும்பு போன பின் அந்நீர் செயற்கைப் பொருளுக்கு மசகாகாது. எனவே தானே வழுக்கும் பொருளைத் தேட வேண்டும் என்று அவர் துணிந்தார்.

டெஃப்லானே வழுவழுப்பான பொருள் என்று கருதி, அதைக் கிண்ணமாக்கி ஏறத்தாழ 300 பேருக்குப் பொருத்தினார். ஊன்றுகோலை எறிந்து நடந்தவர்களைக் கண்டு உவகை பொங்கியது. இரண்டு மூன்று ஆண்டுகளில் டெஃப்லான் தேய்ந்தது. தேய்ந்த துகள்கள் சூழ்ந்த திசுவைப் புண்ணாக்கின. வழுக்கும் பொருள் வேறு, தேயாத பொருள் வேறு என்ற பாடத்தின் விலையை நோயாளிகள் செலுத்தினர். சார்ன்லி அவர்களுக்கு மறு அறுவை செய்ய வேண்டியதாயிற்று. டெஃப்லான் துகளைத் தம் தொடையிலேயே செலுத்திக்கொண்டு அதன் விளைவையும் அவர் கண்டறிந்தார். அவர் செயலில் அவசரம் இருந்தது உண்மை. பொறுப்பிலிருந்து நழுவவில்லை என்பதும் உண்மை.

விடை நெசவாலையிலிருந்து வந்தது. தறிகளின் பற்சக்கரங்களுக்குப் பயன்பட்ட ஒருவகைப் பாலிஎதிலீன் துண்டை 1962இல் ஒரு விற்பனையாளர் லங்காஷயரிலுள்ள ரைட்டிங்டன் மருத்துவமனைக்குக் கொணர்ந்தார். நகத்தால் கீறிப் பார்த்த சார்ன்லி அது உதவாது என்று ஒதுக்கினார். அவருடைய தொழில்நுட்ப உதவியாளர் ஹாரி கிரேவனோ அதைத் தேய்ப்புப் பொறியில் இட்டு நாள் பல ஓட்டினார். டெஃப்லான் ஒரு நாளில் தேய்ந்த அளவுகூட இது மூன்று வாரத்தில் தேயவில்லை. அவ்வாண்டு நவம்பரில் அது நோயாளியின் உடலில் இடம் பெற்றது. எலும்பின் இயற்கைத் தலையினும் மிகச் சிறிதாக, ஏறக்குறைய 22 மில்லிமீட்டர் குறுக்களவில், உலோகப் பந்தை அவர் அமைத்தார். பந்து சிறுத்தால் உராய்வு திருப்பும் வலு குறையும். இயற்கையின் வடிவைப் பின்பற்றாததே இங்கு வெற்றி தந்தது.

பாலிஎதிலீனும் அறவே தேயாதது அன்று. மிகச் சிறு துகள்கள் ஆண்டுகள் செல்லச் செல்ல எலும்பை அரிப்பது பின்னர்த் தெரியவந்தது. 1990களின் இறுதியில் கதிரியக்கத்தால் இறுக்கப்பட்ட பாலிஎதிலீன் அக்குறையைப் பெரிதும் குறைத்தது. சார்ன்லி 1982இல் காலமானார். தம்மிடம் மூட்டுப் பெற்றவர்கள் இறந்த பின் அதை ஆராய்ச்சிக்குத் திருப்பித் தர வேண்டும் என்று அவர் கேட்டுக்கொள்வது வழக்கம். அவர்களுள் மிகப் பலர் இசைந்தனர்.