நேர்த்திக்கு வளர்த்த தாடி

எங்கள் தொழிற்சாலையில் எனக்குப் பக்கத்து மெஷினில் நிற்கும் ஜேர்மன்காரர் 2021ஆம் ஆண்டு மாசி மாதம் தொடங்கித் தலைமயிரும் வெட்டவில்லை, தாடியும் எடுக்கவில்லை. எங்கட ஊரில் ஆம்பிளை தாடி வளர்த்தால் ஒண்டில் துக்கம், இல்லாட்டில் நேர்த்தி. யாரும் செத்துப்போச்சினமோ என்று நினைத்து, இடைவேளையில் மெதுவாகக் கேட்டேன். சிரித்தார். "எங்கட ஊர் நேர்த்தி. 1633ஆம் ஆண்டு வைச்சது" என்றார்.

அவருடைய ஊர் ஒபரம்மர்காவ். பயேர்ண் மாநிலத்தில், அல்ப்ஸ் மலையடிவாரத்தில், ஐயாயிரம் சொச்சம் சனம் வாழும் சிறிய ஊர். நாட்டில் 1618 தொடக்கம் 1648 வரை முப்பதாண்டுப் போர் நடந்தது. சண்டையோடு கொள்ளைநோயும் பரவியது. நோய் வராமல் ஊர் எல்லையில் காவல் போட்டார்கள். வெளியூரில் கூலிவேலை செய்த ஒருவர், பெண்சாதி பிள்ளைகளைப் பார்க்கிற ஆசையில் இரவோடு இரவாக ஒளித்து வந்தாராம். அவரோடு நோயும் வந்தது என்பது ஊர்க்கதை. எனக்கு அந்த மனிசனில் கோபம் வரவில்லை. குடும்பத்தைப் பார்க்க எல்லை கடந்தவனை நாங்கள் எந்த வாயால் குறை சொல்வது?

எண்பது பேருக்கு மேல் செத்தார்கள். மிஞ்சியவர்கள் 1633இல் கோயிலில் கூடி, "நோய் நீங்கினால் பத்து வருடத்துக்கு ஒருமுறை யேசுவின் பாடுகளை நடித்துக் காட்டுவோம்" என்று நேர்ந்தார்கள். அதன்பிறகு ஒருவரும் சாகவில்லை என்று நம்புகிறார்கள். 1634இல் முதல் நாடகத்தைப் போட்டது சவக்காலையில், நோயில் செத்தவர்களின் புதைகுழிகளுக்கு மேலே.

அன்று தொடங்கியது இன்னும் நிற்கவில்லை. 1770இல் அரசு தடை போட்டது. முதலாம் உலகப்போரால் 1920 நாடகம் 1922க்குப் போனது. 1940இல் போரால் நடக்கவேயில்லை. கொரோனாவால் 2020 நாடகம் 2022க்குத் தள்ளிப்போனது. பிந்தினாலும் நேர்த்தியைக் கைவிடவில்லை.

நடிகர்கள் எல்லாரும் ஊர்ச்சனம்தான். மரவேலைக்காரர், தாதிமார், பள்ளிக்கூடப் பிள்ளைகள் என்று 1,800 பேரளவில் மேடை ஏறுகிறார்கள். பொய்மயிர், பொய்த்தாடி கூடாது. அதனால்தான் முந்திய வருடத்துச் சாம்பல் புதனில் இருந்து வளர்க்கிறார்கள். உறோமைச் சேவகர்களுக்கு மட்டும் விலக்கு. பார்க்கிற எங்களுக்குக் கூரை உண்டு, மேடை திறந்தவெளி. மழை பெய்தால் நனைந்துகொண்டே நடிப்பார்கள்.

நடிப்பதற்கு அந்த ஊரில் பிறந்திருக்க வேணும், அல்லது 20 வருடம் வாழ்ந்திருக்க வேணும். 1990 வரை கலியாணம் முடித்த பெண்களுக்கும் 35 வயது தாண்டியவர்களுக்கும் இடமில்லை. பெண்கள் வழக்குப் போட்டு வென்றார்கள். 2022இல் யூதாசாக நடித்தவர்களில் ஒருவர் துருக்கியக் குடும்பத்து முஸ்லிம் இளைஞர். வந்தேறு குடிகளின் பிள்ளையும் ஊர்ப்பிள்ளை ஆகிவிட்டான்.

ஆனால் இந்த நேர்த்திக்கு ஒரு கறையும் உண்டு. யேசுவைக் கொன்ற பழியை யூத இனம் முழுவதிலும் போடுகிற வசனங்கள் நாடகத்தில் இருந்தன. 1934இல், முந்நூறாம் ஆண்டு நாடகத்தை ஹிட்லரே வந்து பார்த்தான். பிறகு நடந்த கொடுமை உலகம் அறிந்தது. போர் முடிந்தும் அந்த வசனங்களை மாற்ற ஊருக்குள் பெரிய இழுபறி. 1990 தொடக்கம் நெறியாண்ட கிறிஸ்தியான் ஷ்ரூக்ல் படிப்படியாக மாற்றினார். 2022இல் நான் பார்த்தபோது யேசு யூதராகவே நின்றார். எபிரேய மொழியில் செபம் பாடினார்கள்.

நான் போனது அந்த வேலைத்தோழர் தந்த ரிக்கற்றில். அவர் நாடகத்துக்குப் போகும் நாட்களில் அவருடைய ஷிப்ரை நான் செய்து கொடுத்தேன், அதற்கான நன்றி. ஐந்து மணித்தியால நாடகம். உறோமைச் சேவகர்கள் வந்தபோது என் கண் கலங்கிவிட்டது. நானும் ஒரு சேவகன்தான்.

2003ஆம் ஆண்டு, சமாதான காலம். மன்னார்க் கரையோரம் எங்கள் கோயில் வளவில் தவக்காலத்துப் பாஸ்கு போட்டோம். எனக்கு 16 வயது. தகரத்தில் தொப்பி, மரத்தில் வாள். அடிக்கிற மாதிரி நடிக்கச் சொன்னால், உண்மையாகவே அடித்து அண்ணாவியாரிடம் ஏச்சு வாங்கினேன். 2007இல் ஊரே இடம்பெயர்ந்தது. உடுப்புகளும் போச்சு, அண்ணாவியாரின் கொப்பியும் போச்சு.

அண்ணாவியார் இப்ப கனடாவில். எண்பது வயதுக்கு மேல். ஒபரம்மர்காவில் இருந்து வந்த கிழமையே ரெலிபோன் எடுத்தேன். அவர் பாடிச் சொல்ல, ஞாயிறுகளில் நான் எழுதுகிறேன். நாற்பது பக்கம் முடிஞ்சுது. ஒருநாள் எங்கள் பாட்டிலும் யூதரைப் பழிக்கிற இரண்டு வரி வந்தது. "ஐயா, இதையும் எழுதவோ?" என்று கேட்டு, ஹிட்லர் வந்து பார்த்த கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "எங்களையும் ஒரு இனம் எண்டுதானே தம்பி கலைச்சவங்கள். அதை விடு" என்றார்.

எங்கள் மலரின் வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். கூத்தோ, காவடிப் பாட்டோ, பாஸ்குவோ, எந்தச் சமயமாக இருந்தாலும் உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குப் பாடமானதை இந்த வருடமே எழுதி வையுங்கள். ஒபரம்மர்காவில் அடுத்த நாடகம் 2030இல். அதற்குள் எங்கள் கொப்பியை முடித்து, இங்கே பிறந்த எங்கள் பிள்ளைகளுக்கு ஒரு காட்சியாவது பழக்கிவிட வேணும் என்பது என் நேர்த்தி. தாடி மட்டும் வளர்க்கவில்லை. சேவகனுக்கு விலக்கு உண்டுதானே!