நெலு பூத்த வருஷமும் கோப்பிக் காலத்து எலியும்

நானுஓயாவில் பதுளை ரயில் ஏறினால் அம்பேவெல, பட்டிப்பொல பக்கம் தேயிலை விட்டுப்போய் காடு வரும். அந்த ஈரக் காட்டில், மரநிழலில் அடர்ந்து நிக்கிற செடிதான் நெலு. மூணாறு குறிஞ்சிக்குச் சொந்தக்காரி. இலங்கையில் ஏறத்தாழ 30 வகை உண்டு. பல வகைகள் வருஷக்கணக்கா பூக்காமலே இருந்து, ஒண்ணா பூத்து, விதை போட்டுட்டு செத்துப்போகும். சிலதுக்கு 12 வருஷம் ஆகும். 2013ல் ஹோர்ட்டன் சமவெளியில் பூத்தப்போ ஊரே போட்டோ எடுத்தது. நான் பார்த்த எந்தப் பதிவிலும் நம்ம தோட்டத்து ஆட்கள் வரவில்லை.

அவங்க வர்றது எமர்சன் டெனன்ட் எழுத்தில். 1845 முதல் 1850 வரை இங்கே காலனிச் செயலாளரா இருந்தவர். இலங்கை விலங்குகள் பற்றி 1861ல் வந்த அவர் புத்தகத்தில் 'கோப்பி எலி' என்று ஒண்ணு. மரவேர்களுக்கிடையில் கூடு கட்டி, நெலு விதை தின்னு வாழும். தீனி தீர்ந்தா கூட்டம் கூட்டமா இடம் பெயரும். காட்டை வெட்டி நட்ட கோப்பி பக்கத்திலேயே இருக்குதே! மொட்டு எட்டாத மெல்லிய கிளைகளைக் கடிச்சே தள்ளிடுமாம். ஒரே தோட்டத்தில் ஒரு நாளில் ஆயிரம் எலி கொன்றார்களாம்.

அடுத்து அவர் எழுதுறதுதான் உறுத்துது. 'மலபார்' கூலிகளுக்கு எலிக்கறி அவ்வளவு பிரியம், எலி படையெடுக்கிற பகுதிகளையே விரும்பிப் போறாங்க, தேங்காய் எண்ணெயில் பொரிச்சோ கறி வச்சோ சாப்பிடுறாங்க என்கிறார். அந்தக் காலத்தில் வெள்ளைக்காரங்க மலபார்னு சொன்னது பெரும்பாலும் நம்மளைத்தான்.

எலி சாப்பிட்டதில் வெட்கப்பட ஒண்ணுமில்லை. தஞ்சாவூர் வயல் எலி தெரிஞ்சவங்களுக்கு அது கறி, அவ்வளவுதான். ஆனா மன்னாரிலிருந்து காடு வழியா நடந்து, வழியில் பலரைப் பறிகொடுத்து, கங்காணியிடம் முன்பணக் கடனோடு வந்தவங்க இறைச்சிக்காக எந்தப் பக்கம் போனாங்க என்பதை 'பிரியம்' என்ற ஒரே சொல்லில் முடிச்சிட முடியுமா? கூலியில் அரிசிக்குப் பிடிச்சது போக கறிக்கு என்ன மிஞ்சியது என்று அவர் அந்த இடத்தில் கேட்கவே இல்லை.

1869ல் கோப்பியில் இலைத்துரு நோய் கண்டது. 1873ல் தாவரவியலாளர் ஹூக்கர் 5000 அடிக்கு மேலுள்ள காட்டைத் தொட வேண்டாம் என்று ஆலோசனை சொன்னார். மேலே நெலு மிஞ்சியதற்கு அதுவும் ஒரு காரணம். 1885ல் ரயில் நானுஓயாவுக்கு வந்தப்போ மலையில் தேயிலை ஏறிக்கொண்டிருந்தது. கோப்பி எலி கதையும் கோப்பியோட போச்சு.